கை போகும் வேகம்

நவம்பர் 4, 2024

கையால் நாட்குறிப்பு எழுதப் போகிறீர்களா? முதலில் நோட்டு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் நோட்டுத் தாள் பெரும்பாலும் 54 முதல் 60 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). பால்பாயிண்டுக்கு அது போதும். மைப்பேனா என்றால் பின்பக்கம் ஊறும், எழுத்தின் ஓரம் இழை இழையாகப் பிரியும். 80 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் வாங்கலாம். வாங்கியதும் கடைசிப் பக்கத்தில் ஒரு ‘ண’ போட்டுப் பாருங்கள். சுழிகள் அடைபடாமல் தனித்தனியாகத் தெரிந்தால் தாள் நல்ல தாள். கோட்டு இடைவெளி 8 மி.மீ. இருக்கட்டும். நெருங்கிய கோடு போட்ட நோட்டில் மேல்வரியின் ‘ழு’ கீழ்வரியின் ‘கீ’யோடு முட்டிக்கொள்ளும். இந்த மழை நாட்களில் தாள் ஈரம் இழுத்திருக்கும், மை காயத் தாமதமாகும். பக்கம் திருப்பும் முன் மையொற்றும் தாள் வைத்து எடுப்பது அவசியம்.

நவம்பர் 6

எழுதிய பக்கத்தைத் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள். மேடு மேடாகத் தட்டுப்பட்டால் அழுத்தி எழுதுகிறீர்கள். இரண்டு பக்கத்தில் கட்டைவிரல் வலிக்கும், எழுத்து அதோடு நின்றுவிடும். பால்பாயிண்ட் மை கெட்டியானது, அழுத்தம் கேட்கும். மைப்பேனாவில் நிப் தாளைத் தொட்டாலே மை இறங்கும். நிப்புக்கு மேலே சுமார் 3 செ.மீ. தள்ளிப் பிடித்து, விரலை மட்டும் அசைக்காமல் முன்கையையும் சேர்த்து நகர்த்தினால் வலி குறையும்.

சில நாள் எழுதாமல் வைத்தால் மை காய்ந்து அடைக்கும். பச்சைத் தண்ணீரில், நிறம் போகும்வரை அலசினால் போதும். வெந்நீரும் ஸ்பிரிட்டும் பிளாஸ்டிக் பாகங்களைக் கெடுத்துவிடும். படம் வரையும் இந்தியன் இங்க்கை மைப்பேனாவில் ஊற்றவே கூடாது; அதில் உள்ள அரக்கு உள்ளே இறுகிவிடும்.

நவம்பர் 10

கையால் எழுதுவது மெதுவாகத்தான் நடக்கும். அதன் பலனே அந்த மெதுவில்தான் இருக்கிறது. முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், லேப்டாப்பில் குறிப்பெடுத்த மாணவர்கள் கேட்ட சொற்களை அப்படியே இறக்கியது அதிகம். கையால் எழுதியவர்களால் எல்லாவற்றையும் பிடிக்க முடியாது, பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். நம் மனதுக்குள் ஓடும் பேச்சுக்கும் அதே கதிதான்.

ஒரு வரி: ‘அண்ணன் பேசியதில் எனக்குக் கோபம்.’ எழுதி முடிக்கும் முன்பே ‘கோபம்’ சரியில்லை என்று படுகிறது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, மேலே ‘பயம்’ என்று எழுதுகிறோம். நாளை படிக்கும்போது இரண்டுமே கண்ணில் படும். திரையில் அழித்திருந்தால் ‘கோபம்’ தடமில்லாமல் போயிருக்கும். அதனால் கிறுக்கி மறைக்காதீர்கள், வெள்ளை மையும் வேண்டாம்.

நவம்பர் 13

‘மனசு சரியில்லை’ என்று தொடங்கினால் அடுத்த வரி வராது. நேரம், இடம், யார் என்ன சொன்னார், சொன்ன வார்த்தை அப்படியே, என்று இறங்குங்கள். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு இன்றும் உயிரோடு இருப்பது இதனால்தான். எந்தக் கப்பல் வந்தது, கவர்னர் என்ன கேட்டார், என்ன பதில் போயிற்று எல்லாம் பேச்சு வழக்கிலேயே இருக்கிறது. நீங்களும் பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள். இலக்கணம் பார்க்க உட்கார்ந்தால் எண்ணம் ஓடிவிடும்.

நவம்பர் 17

பாரமான விஷயத்துக்கு ஒரு முறை உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்கள் நாளுக்கு 15 நிமிடம் என்று தொடர்ந்து 4 நாள் எழுதினார்கள். நடந்ததையும் அப்போது பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த 6 மாதத்தில் மருத்துவ மையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் கனத்தது. இது தெரியாமல் பலர் முதல் நாளே விட்டுவிடுகிறார்கள். படுக்கப் போகும் நேரத்தில் இதைத் தொடாதீர்கள், மாலையிலேயே முடித்துவிடுங்கள். நாள்தோறும் அதே வாக்கியம் அப்படியே திரும்பி வந்தால் எழுத்து அங்கேயே சுற்றுகிறது என்று பொருள். நிறுத்திவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் பேசுவது மேல்.

வலப்பக்கம் மட்டும் எழுதி, இடப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். மூன்று மாதம் கழித்துப் படிக்கையில் தோன்றுவதை அங்கே வேறு நிற மையில், தேதி போட்டு எழுதலாம்.