சமமில்லாத கிரிட்டில் நேர்கோட்டு எக்ஸ்ட்ராபொலேஷன்: இதுவரை ஆன வேலை

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இப்படிப்பட்ட மட்டம்–கொள்ளளவு அட்டவணையில் புள்ளிகள் சம இடைவெளியில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. புள்ளிகளுக்கு இடையிலான மதிப்பைக் கணிக்கும் எங்கள் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி, அட்டவணைக்குள் கேட்கும்வரை சரியாகச் சொல்லும், வெளியே கேட்டால் எரர். ஓரக் கோட்டை அப்படியே நீட்டி வெளியேயும் விடை சொல்ல வைப்பதுதான் (எக்ஸ்ட்ராபொலேஷன்) இந்த வேலை. பைத்தானின் எண் கணக்கு லைப்ரரியான நம்பையில் இதே வேலைக்கு உள்ள இன்டர்ப், எரர்கூடத் தராமல் ஓர மதிப்பையே திருப்பித் தருகிறது. அது இன்னும் ஆபத்து, தப்பு நடந்ததே தெரியாது.

முதல் வேலை, கேட்ட புள்ளி எந்தக் கட்டத்தில், அதாவது அடுத்தடுத்த எந்த இரு புள்ளிகளுக்கு இடையில், என்று பிடிப்பது. வரிசையைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் பைனரி சர்ச் தரும் இண்டெக்ஸில் (வரிசை எண்ணில்) 1 கழித்து, முதல் கட்டத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும் இடையில் நிறுத்திவிட்டால் போதும். வெளியே விழும் புள்ளிக்கு ஓரக் கட்டம் தானாகவே கிடைக்கும், தனி இஃப் வேண்டாம். ஆனால் கட்டத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்ற பின்னத்தை 0–1க்குள் அடக்கும் பழைய வரியை எடுத்தே ஆக வேண்டும். அது இருந்தால் ஓர மதிப்பைத் தாண்டாது.

சறுக்குவது சாய்வில்தான். புள்ளிகள் 0, 1, 3, 7. மதிப்புகள் 0, 1, 9, 49. கடைசிக் கட்டத்தின் அகலம் 4, சாய்வு 40/4 = 10, ஆக 9-ல் விடை 69. மொத்த நீளத்தை மூன்றாகப் பிரித்த சராசரி அகலத்தைப் போட்டால் 83.29 வரும். சம இடைவெளி டெஸ்ட்டுகள் இதைக் காட்டிக்கொடுக்கவே செய்யாது. ஓரத்திலிருந்து வெகு தூரம் போகும்போது, இரு முனை மதிப்புகளையும் எடை போட்டுக் கூட்டுவதைவிட, அருகிலுள்ள ஓரப் புள்ளியோடு தூரம் × சாய்வைக் கூட்டுவதே நல்லது. பெரிய எண்கள் ஒன்றையொன்று அடித்து இலக்கங்கள் தொலையாது.

இரு பரிமாணத்தில் மூலைதான், அதாவது இரு அச்சிலும் கிரிட்டுக்கு வெளியே இருக்கும் பகுதிதான், யோசிக்க வைத்தது. 0–1 சதுரத்தின் (1, 1) முனையில் 1, மற்ற மூன்று முனைகளில் 0 என்று வைத்து (3, 3)-ல் கேட்டால், அச்சு அச்சாக நீட்டினால் 9. (1, 1)-ன் சாய்வுகளை மட்டும் நீட்டினால் 5. முதலாவதையே எடுத்தோம். பக்கப் பகுதியிலிருந்து மூலைக்குள் நுழையும்போது சாய்வு உடையாது, பைத்தானின் அறிவியல் கணக்கு லைப்ரரியான சைபையின் ரெகுலர் கிரிட் இன்டர்போலேட்டரும் அப்படித்தான் தருகிறது. மூலைவிட்டத்தில் இருபடியாக வளரும் என்பதை டாக்குமென்டேஷனில் எழுதியாயிற்று.

அச்சின் புள்ளிகளில் ஒரே எண் இருமுறை வந்தாலோ வரிசை இறங்குமுகமாக இருந்தாலோ, தொடக்கத்திலேயே எரர். முதலாவது பூஜ்யத்தால் வகுக்கும், இரண்டாவதில் பைனரி சர்ச் சத்தமில்லாமல் தப்பான கட்டத்தைத் தரும். ஒற்றைப் புள்ளி அச்சில் சாய்வே இல்லை, அங்கேயும் எரர்தான்.

கேட்டால்தான் நீட்டும், டிஃபால்ட் பழைய எரரேதான். ஏரி மேலே போகப் போக அகலும், அதனால் முழு மட்டத்துக்கு மேல் இந்தக் கோடு கொள்ளளவைக் குறைத்தே காட்டும். அட்டவணையின் அடிக்குக் கீழே போனால் தண்ணீர் மைனஸில் வரும்.