னசை, உழில, நஒவை

போன வியாழக்கிழமை பகல் கொழும்புக் கோட்டையில் அலுவலகத்தில் இருக்கும்போது மாமா போன் எடுத்தார். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவருடைய டைப்செட்டிங் கடை. ஏ.எல். சோதனை முடிந்து சும்மா இருந்த காலத்தில் நான் தட்டச்சுப் பழகியது அங்கேதான். ரயில் போனால் கதிரை நடுங்கும். உப்புக் காற்றில் கொம்பியூட்டர் பெட்டியின் பின்பக்கம் முழுக்கத் துரு. அதற்குள் இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிறது. 2014 ஏப்ரலோடு மைக்ரோசொஃப்ட் கைகழுவிவிட்டது என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். "அவன் கைகழுவினா எனக்கென்ன, பேஜ்மேக்கர் வேலை செய்யுதெல்லோ" என்பார். அதுவும் நியாயம்தான். கலியாணக் கார்ட், மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் எல்லாம் அவரிடம் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளையே தமிழ் உருவில் காட்டுகிற பழைய எழுத்துரு; அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆங்கில எழுத்துதான். பக்கம் அமைக்கிற அந்தப் பழைய பேஜ்மேக்கருக்கு, இப்போது எல்லாரும் பாவிக்கிற யூனிகோட் தமிழ் சரிவராது.

"பிள்ளை, ஒரு அம்மா பென் ட்ரைவ் கொண்டந்து தந்திருக்கிறா. தாயின்ரை கல்வெட்டு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கிருத்தியம். திறந்து பாத்தா எல்லாத்திலையும் சின்ன அம்புக்குறி போட்டுக் கிடக்கு."

"ஒண்டையும் அமத்தேல்லையே?"

"இல்லை. எனக்கு அந்த அம்பைக் கண்டாலே பயம்."

பழைய ஷோர்ட்கட் வைரஸ். உண்மையான கோப்புகளை அழிக்காது. அவற்றுக்கு 'மறை', 'சிஸ்டம்' என்று இரண்டு முத்திரை குத்தி ஒளித்துவிட்டு, அதே பெயரில் அம்புக்குறிப் போலிகளை வைத்துவிடும். மௌஸைப் பிடித்து ஃபோல்டர் ஒப்ஷனுக்குள் போய், எந்தப் பெட்டியில் சரி போடுவது, எதில் எடுப்பது என்று போனில் சொல்லி முடிக்க முடியாது. ஒருதரம் முயன்றோம். "எந்த மூலை பிள்ளை? இஞ்சை நாலு மூலை இருக்கு" என்றார். கட்டளை என்றால் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் மாமாவுக்கு ஆங்கில எழுத்தைச் சொன்னாலும் கை போகாது. நாற்பது வருசம் தமிழ் டைப்ரைட்டரிலும் பாமினியிலும் ஓடிய விரல்கள். 'எம்' என்றால் குனிந்து தேடுவார். 'அ' என்றால் பாராமலே விழும்.

அதனால் ஒவ்வொரு ஆங்கிலக் கீக்கும் பாமினியில் என்ன எழுத்தோ அதை, தமிழிலேயே சொன்னேன்.

"விண்டோஸ் படம் போட்ட கீயை அமத்திக்கொண்டு 'ச'. பெட்டி வந்ததோ? அதிலை உ, அ, ன. என்டர்."

"கறுப்பு யன்னல் வந்திட்டுது."

"க, பிறகு ஷிப்டோடை புள்ளி. என்டர்."

பாமினியில் மெய்யெழுத்துக்குக் குற்று, அதாவது புள்ளி, வைக்கிற கீதான் ஆங்கிலத்தில் அரைப்புள்ளி. ஷிப்ட் அழுத்தினால் முக்காற்புள்ளி. பென் ட்ரைவ் எஃப் டிரைவில் இருந்தது, அது அவருக்கு 'க'. அடுத்தது ன, ஐகாரக் கொம்பு, ச, ஓர் இடைவெளி, கேள்விக்குறிக் கீயை ஷிப்ட் இல்லாமல், ய. அதாவது டிர், சாய்கோடு, ஏ. ஒளிந்திருப்பதையும் சேர்த்துக் காட்டு என்று அர்த்தம். பட்டியல் விழுந்தது. ஒவ்வொரு பெயரும் இரண்டு தரம், ஒன்று எல்.என்.கே. என்ற வாலோடு. எக்ஸ்ப்ளோரர் அந்த வாலை எப்போதுமே காட்டாது. கறுப்பு யன்னலில் மறைக்க இடமில்லை.

"இதிலை 'அம்மா' எண்டு ஒண்டு கிடக்கு" என்றார்.

எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் திரையில் இருந்திருக்கும். யாரோ கோப்புக்குப் பெயர் வைக்கும்போதும் பாமினி கீகளிலேயே அடித்திருக்கிறார்கள். வேறு யார் பார்த்தாலும் குப்பை. மாமா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

பிறகு அட்ரிப், முத்திரைகளைக் கழற்றுகிற கட்டளை. ய, வ, வ, ச, கொம்பு, டி. இடைவெளி, கழித்தல் அரவு (மறை முத்திரைக்கான எச்) என்று அடித்து என்டரைத் தட்டிவிட்டார். சிஸ்டம் கோப்பை மாற்றமாட்டேன் என்று வரிவரியாக வந்ததாம். பிழை என்னுடையது, சிஸ்டம் முத்திரைக்கான எஸ்ஸை, அதாவது 'ள'வையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சிஸ்டம் முத்திரை இருக்கும்வரை மறை முத்திரையை அது கழற்றாது, இரண்டையும் ஒன்றாகத்தான் கழற்றவேண்டும். திரும்ப அடிப்பித்தேன்: கழித்தல் ள, கழித்தல் அரவு, கழித்தல் ச. பிறகு சாய்கோடு ள, சாய்கோடு ன, நட்சத்திரம் முற்றுப்புள்ளி நட்சத்திரம். கொஞ்ச நேரம் சத்தமில்லை. ரயில் ஒன்று போவது மட்டும் போனில் கேட்டது.

"வந்திட்டுது. எல்லாம் வந்திட்டுது பிள்ளை."

இனி அம்மாவை மட்டும் டி டிரைவுக்கு எடுத்தால் போதும். கொப்பி என்பது உ, ழ, விசிறி, ல. பெயரை அடித்தார், டி டிரைவைப் போட்டார், என்டர். கட்டளை பிழை என்று ஒரு வரி. இன்னொரு தரம், அதே வரி. எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துத்தான் உறைத்தது. இந்த யன்னலுக்கு அரைப்புள்ளியும் இடைவெளி மாதிரித்தான். நடுவில் இருக்கும் குற்றில் அம்மாவை இரண்டாக வெட்டி இரண்டு பெயராக வாசித்திருக்கிறது.

"அ, ம அடிச்சிட்டு டேப் கீயைத் தட்டுங்கோ."

மிச்சப் பெயரைத் தானே நிரப்பி, இரண்டு பக்கமும் மேற்கோள்குறியும் போட்டுக்கொண்டது. ஒரு கோப்பு பிரதியாகிவிட்டது என்று வந்தது.

மறுநாள் பின்னேரம் கொட்டாஞ்சேனை அச்சகத்துக்குப் போய்விட்டதாம். ஞாயிற்றுக்கிழமை நானே கடைக்குப் போய் பென் ட்ரைவையும் மெஷினையும் துப்புரவாக்கினேன். மேசையில் அவருடைய கணக்குக் கொப்பி. கடைசிப் பக்கத்தில், கடதாசி விலைக்குக் கீழே, பச்சை மையில் ஒரு பட்டியல். கட்டளைகளைப் பாமினியில் அடித்தால் எப்படி வருமோ அப்படியே எழுதி வைத்திருக்கிறார். உஅன: யன்னல். னசை: என்ன இருக்கு. உழில: பிரதி. 'னநட' என்பதற்கு எதிரே மட்டும் 'கவனம்' என்று எழுதி இரண்டு கோடு. அழிக்கிற கட்டளையை நான் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை.

வேலை முடிய நான் யன்னலின் மூலைப் பெருக்கல் குறிக்கு மௌஸைக் கொண்டுபோனேன். மாமா கையைப் பிடித்தார்.

"அப்பிடி இல்லை" என்று சொல்லிக் குனிந்து, கீகளைப் பாராமல் அடித்தார். நஒவை. என்டர்.