கஷ்டம் மனைக்கா, மனைக்காரருக்கா?

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சில ஆயிரம் பேர் வாழும் ஊரில்கூட ஒரு சோனிங் வாரியம் இருக்கும்; எந்த நிலத்தில் என்ன கட்டலாம், எல்லையிலிருந்து எத்தனை அடி விட வேண்டும் என்ற ஊர் விதிகள் தொடர்பான விண்ணப்பங்களை விசாரிப்பது அதன் வேலை. மூன்று அல்லது ஐந்து உறுப்பினர்கள், யாராவது வர முடியாதபோது அமர ஓரிரு துணை உறுப்பினர்கள். பகலில் அவரவர் பிழைப்பைப் பார்த்துவிட்டு, மாதத்தில் ஓரிரு மாலை டவுன் ஹாலில் கூடுவார்கள். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது பக்கத்து வீட்டுச் சண்டையைத் தீர்த்துவைக்கும் ஊர்ப் பஞ்சாயத்து போலத் தெரியும். புதிதாக வரும் உறுப்பினர்களும் அப்படி நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். முதல் சில மாதங்களில் அவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இந்த நினைப்பிலிருந்து பிறப்பவை. வாரியம் என்ன கேட்கலாம், எத்தனை நாளில் கேட்க வேண்டும், எத்தனை ஓட்டு வேண்டும் என்பதையெல்லாம் மாநிலச் சட்டத்தின் 40-ஏ அத்தியாயம் வரையறுத்திருக்கிறது. 1975-இல் திருத்தி எழுதப்பட்ட சட்டம் அது. விண்ணப்பதாரர் நல்லவரா என்ற கேள்வி அதில் எங்கும் இல்லை.

ஒரு விண்ணப்பம் வாரியத்துக்கு வரும் வழி பெரும்பாலும் கட்டட ஆய்வாளர்தான். கார் ஷெட் கட்ட அனுமதி கேட்டு ஒருவர் போகிறார். பக்க எல்லையிலிருந்து 15 அடி விட வேண்டிய இடத்தில் 9 அடிதான் இருக்கிறது என்று ஆய்வாளர் மறுக்கிறார். இனி எந்தக் கதவைத் தட்டுவது என்பதில்தான் பலருக்குச் சறுக்கல். ஆய்வாளர் விதியைத் தவறாகப் படித்துவிட்டார் என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. விதியிலேயே ‘வாரிய அனுமதியுடன் செய்யலாம்’ என்று சொல்லப்பட்ட உபயோகம் என்றால் சிறப்பு அனுமதி. விதி வருவதற்கு முன்பே கட்டிய, இன்றைய அளவுக்குப் பொருந்தாத வீட்டை நீட்டுவது என்றால் 6-ஆம் பிரிவின்படி ஒரு தீர்மானம். இவை எதிலும் அடங்காதபோதுதான் விதிவிலக்கு, அதாவது விதிக்குப் பொருந்தாததைக் கட்ட வாரியம் தரும் தனி அனுமதி.

இந்த நான்கில் விதிவிலக்குதான் மிகக் கடினமானது. ஆனால் பலரும் எடுத்த எடுப்பில் அதைத்தான் கேட்பார்கள். ஒரு குடும்பமோ இரண்டு குடும்பமோ வாழும் பழைய வீடு என்றால் முதலில் 6-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். நீட்டிப்பு ஏற்கெனவே உள்ள பொருத்தமின்மையை அதிகமாக்குகிறதா? இல்லை என்றால் அத்தோடு முடிந்தது. ஆம் என்றால், அக்கம்பக்கத்துக்கு முன்பைவிடக் கணிசமாக அதிகக் கெடுதல் இல்லை என்று வாரியம் தீர்மானித்தால் போதும். இதற்கு மேல் விதிவிலக்கும் தேவையில்லை என்று புரூக்ளைன் ஊரைப் பற்றிய வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 2019-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதேபோல் 2025 பிப்ரவரி 2 முதல், தனி வீட்டு மண்டலங்களில் 900 சதுர அடிக்கு அல்லது மூல வீட்டின் பாதிப் பரப்புக்கு, எது குறைவோ அதற்கு உட்பட்ட ஒரு துணைக் குடியிருப்பைக் கட்டுவது உரிமையாகிவிட்டது. அதற்கும் வாரியத்தின் முன் வந்து கைகட்டி நிற்பவர்கள் உண்டு. கட்டட ஆய்வாளரின் அறைக்கே அவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் முறை.

அடுத்தது வரைபடம். வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கிக்காக எடுத்த பிளானை நகலெடுத்து இணைத்துவிடுவார்கள். அந்தப் பிளான் வீடு ஏறக்குறைய மனைக்குள் இருக்கிறதா என்று வங்கிக்குச் சொல்வதற்கானது. எல்லையை அளந்து போட்டதல்ல. அதன் ஓரத்திலேயே அப்படி அச்சிட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை. 9 அடியா 8 அடியா என்று முடிவு செய்ய வேண்டிய வழக்கில், பதிவு பெற்ற நில அளவையாளர் முத்திரையிட்ட வரைபடம் இல்லாமல் விசாரணையைத் தொடங்குவது வீண். முன்பக்க இடைவெளியில் இன்னொரு பொறி இருக்கிறது. மக்கள் தார் ரோட்டின் விளிம்பிலிருந்து அளப்பார்கள். ரோட்டுக்கென ஒதுக்கிய பட்டை 40 அல்லது 50 அடி அகலம் இருக்கும்; தார் போட்டது அதில் இருபது சொச்சம் அடிதான். புல்தரை என்று அவர்கள் வெட்டிப் பராமரிக்கிற முன்புறத்தில் ஒரு பகுதி சாலைக்கு உரியது. அளவு தொடங்க வேண்டியது மனை எல்லையிலிருந்து. கூரையின் இறவாணம், வாசற்படி, அடித்தள அறைக்கு இறங்கும் சாய்கதவு ஆகியவை கணக்கில் சேருமா என்பது ஊருக்கு ஊர் மாறும். அந்த ஊர் விதியின் வரையறைப் பக்கத்தைப் படிக்காமல் பேசக் கூடாது.

விண்ணப்பத்தில் டவுன் கிளார்க் தேதியும் நேரமும் குத்திய நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. 65 நாளுக்குள் விசாரணை. விதிவிலக்கு என்றால் விண்ணப்பித்த நாளிலிருந்து 100 நாளுக்குள் முடிவு. சிறப்பு அனுமதி என்றால் விசாரணை முடிந்து 90 நாளுக்குள். முடிவுக்கான கெடு தவறினால் அனுமதி கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். தூங்கிப்போன வாரியத்தால் வந்த அனுமதியை அண்டை வீட்டுக்காரரிடம் விளக்குவதைவிடச் சங்கடமான வேலை வேறில்லை. கூடுதல் காலம் வேண்டுமென்றால் விண்ணப்பதாரரும் வாரியமும் எழுத்தில் ஒப்புக்கொண்டு, அதைக் கிளார்க்கிடம் தாக்கல் செய்ய வேண்டும். கூட்டத்தில் வாய்வார்த்தையாகச் சொன்ன ‘சரி, பரவாயில்லை’ நீதிமன்றத்தில் நிற்காது.

அறிவிப்பில் கோட்டை விட்டால் மற்ற எல்லாமே கோட்டை விட்டதுதான். அடுத்தடுத்த இரண்டு வாரம் செய்தித்தாளில் விளம்பரம். முதலாவது விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக. டவுன் ஹாலில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் 14 நாள் ஒட்டி வைக்க வேண்டும். எல்லையைத் தொடும் மனைக்காரர்கள், தெருவுக்கு நேர் எதிரே உள்ளவர்கள், எல்லையிலிருந்து 300 அடிக்குள் இருக்கும் அடுத்த வரிசைக்காரர்கள், ஊரின் திட்டக் குழு, ஒட்டிய ஊர்களின் திட்டக் குழுக்கள் ஆகியோருக்குத் தபால். முகவரிப் பட்டியலைச் சொத்து மதிப்பீட்டு அலுவலகம் சான்றளித்துத் தர வேண்டும். விண்ணப்பதாரர் தனக்குத் தெரிந்த பெயர்களை எழுதித் தருவது செல்லாது. உள்ளூர்ப் பத்திரிகை வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விசாரணை 22-ஆம் தேதி வியாழன். 8, 15 தேதிகளில் விளம்பரம் வந்தால் சட்டத்துக்குப் போதும். ஆனால் 8-ஆம் தேதி இதழில் அச்சகம் தவறவிட்டால் விசாரணையே தள்ளிப்போகும். 1, 8 என்று திட்டமிடுகிற எழுத்தர் இருக்கும் வாரியம் கொடுத்துவைத்தது. விளம்பர வாசகத்திலும் கவனம் வேண்டும். ‘பக்க எல்லை இடைவெளி’ என்று மட்டும் போட்டுவிட்டு, விசாரணையில் பின்பக்கமும் குறைவு என்று தெரிய வந்தால், பின்பக்கத்துக்கு மறுபடி அறிவித்தாக வேண்டும்.

இடத்தைப் போய்ப் பார்ப்பது அவசியம். வரைபடத்தில் கோடாகத் தெரியும் சரிவு, காலில் ஏறும்போதுதான் சரிவாகத் தெரியும். ஐந்து பேர் வாரியத்தில் மூன்று பேர் சேர்ந்து போனாலும், பெரும்பான்மை கூடிப் பேசினால் அது முன்னறிவித்த பொதுக் கூட்டமாக இருக்க வேண்டும் என்னும் திறந்த கூட்டச் சட்டம் அதைக் கூட்டமாகக் கருதாது, அங்கே வழக்கை விவாதிக்காத வரையில். திரும்பி வரும் காரில்தான் நாக்கு நழுவும். மின்னஞ்சலும் அப்படியே: ஒருவர் கருத்தெழுதி எல்லோருக்கும் அனுப்ப, மற்றவர் ‘எனக்கும் அதே எண்ணம்’ என்று பதிலிட்டால், 48 மணி நேர முன்னறிவிப்பு இல்லாமல் கூட்டம் நடத்தியதாகிவிடும்.

விசாரணை மாலையில் கூட்டம் சேர்ந்தால் பேச்சு எங்கெங்கோ போகும். இந்த வீட்டுக்காரர் நாயைக் கட்டிப்போடுவதில்லை, ஊரே மாறிவிட்டது, சொத்து வரி ஏறிவிட்டது. நல்ல தலைவர் யாரையும் அடக்குவதில்லை. ஒவ்வொருவர் பேசியதும் ஒரு கேள்வியால் பேச்சை நிலத்துக்குத் திருப்புகிறார். ‘மழைநீர் உங்கள் பக்கம் வருகிறதா? எந்த மாதத்தில், எந்த மூலையில்?’ கையெழுத்து வாங்கிய மனு 60 பேரிடமிருந்து வந்தாலும் அது ஓட்டெடுப்பு ஆகாது. சாக்கடையின் போக்கைப் படமெடுத்து வரும் ஒரே ஒரு பக்கத்து வீட்டுக்காரர் அந்த அறுபது பேரையும்விட உதவுகிறார்.

இனி இந்த வேலையின் கரு. 10-ஆம் பிரிவு விதிவிலக்குக்கு வைத்திருக்கும் நிபந்தனைகள் எல்லாம் ஒருசேர நிறைவேற வேண்டும். மண்ணின் தன்மை, வடிவம், மேடுபள்ளம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று இந்த நிலத்தையோ இதிலுள்ள கட்டடத்தையோ குறிப்பாகப் பாதிக்க வேண்டும். மண்டலம் முழுக்க உள்ள நிலைமையாக இருக்கக் கூடாது. அதன் காரணமாகவே, விதியை எழுத்துக்கு எழுத்து அமல்படுத்தினால் கணிசமான கஷ்டம் வர வேண்டும். அனுமதித்தால் பொதுநலனுக்குக் கணிசமான கேடு வரக் கூடாது, விதியின் நோக்கமும் சிதையக் கூடாது.

கஷ்டம் என்றவுடன் மனிதர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு மாடி ஏற முடியவில்லை, மூன்றாவது குழந்தை பிறந்திருக்கிறது, கார் பனியில் நிற்கிறது. ஒவ்வொன்றும் உண்மை, கேட்பவர்களுக்கு மனம் இளகும். ஆனால் அம்மாவின் முழங்கால் மனையின் வடிவம் அல்ல. அந்தக் குடும்பம் வீட்டை விற்றுவிட்டுப் போன பிறகும் அந்தச் சுவர் எல்லையிலிருந்து 9 அடியில் நிற்கும். விதிவிலக்கு நிலத்தோடு போகிறது, ஆளோடு அல்ல. அதே குடும்பத்தின் மனை பின்பக்கம் குறுகி ஆப்பு வடிவில் இருந்தால், அல்லது கட்ட இடமிருக்கும் பக்கத்தில் பாறை தலைதூக்கியிருந்தால், அப்போது பேச ஏதோ இருக்கிறது. பாறை என்று வாயால் சொன்னால் போதாது. சோதனைக் குழி எங்கே தோண்டினார்கள், எத்தனை அடியில் பாறை தட்டுப்பட்டது என்பது வேண்டும். தெருவில் உள்ள எல்லா மனையிலும் அதே பாறைதான் என்றால் வழக்கு மறுபடி பலவீனமாகிறது. அப்படியானால் மாற்ற வேண்டியது விதியை. அது ஊர்க் கூட்டத்தின் வேலை, வாரியத்தினுடையதல்ல.

தானே வரவழைத்த கஷ்டமும் கணக்கில் வராது. பெரிய மனையைப் பிரித்து விற்று, மிச்சம் சிறிதாகிவிட்டது என்று வருபவர்கள் இந்த வகை. இதற்கு நேர்மாறான விபத்து ஒன்றும் உண்டு. வீட்டை ஒட்டிய காலி மனையைப் பிற்காலத்துக்கு என்று அதே பெயரில் வாங்கிப் போடுவார்கள். குறைந்தது 5,000 சதுர அடியும் 50 அடி முகப்பும் உள்ள பழைய சிறு மனையில், பிற்பாடு விதி பெரிய மனை கேட்டாலும் கட்டலாம் என்று சட்டம் தரும் பாதுகாப்பு, விதி மாறிய வேளையில் அது ஒட்டிய நிலத்தோடு ஒரே உரிமையில் இருந்திருந்தால் கிடைக்காது. சோனிங் கண்ணில் இரண்டும் ஒரே மனை. பத்திரம் இரண்டு, வரி ரசீது இரண்டு, கட்டும் உரிமை ஒன்று.

ஓட்டுக் கணக்கு தெரியாமல் நொந்துபோகும் விண்ணப்பதாரர்கள் அதிகம். ஐவர் வாரியத்தில் விதிவிலக்குக்கு நான்கு ஓட்டு வேண்டும். மூவர் வாரியத்தில் மூன்றும். ஐவரில் நால்வர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் நால்வரும் ‘ஆம்’ சொல்ல வேண்டும். இதை விசாரணை தொடங்கும் முன்பே சொல்லி, வேண்டுமானால் வேறு தேதி தருவது மரியாதை. தோற்றால் விலை அதிகம்: குறிப்பிட்ட, முக்கியமான மாற்றம் இருப்பதாக வாரியமும் திட்டக் குழுவும் ஒப்புக்கொண்டாலன்றி, இரண்டு ஆண்டுக்கு அதே கோரிக்கையோடு வர முடியாது. ஓட்டெடுப்புக்கு முன் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று புரிந்தால், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வாரியத்தின் அனுமதியைக் கேட்பது புத்திசாலித்தனம்.

ஓட்டு முடிந்ததும் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள்; கடினமான வேலை அப்போதுதான் தொடங்கும். முடிவை எழுதி 14 நாளுக்குள் கிளார்க்கிடம் தாக்கல் செய்ய வேண்டும். சட்டத்தின் வாசகத்தைத் திருப்பி எழுதி, ‘மனையின் வடிவத்தால் கஷ்டம் இருப்பதாக வாரியம் காண்கிறது’ என்று முடிக்கும் முடிவுகள் ஏராளம். அது காரணம் அல்ல. ‘மனை முன்புறம் 110 அடி, பின்புறம் 38 அடி, வீட்டுக்குப் பின்னால் கழிவுநீர்க் குழியும் வடிகால் பரப்பும் உள்ளன, கார் ஷெட் வைக்கக் கூடிய மற்ற இரு இடங்களை வாரியம் பரிசீலித்து இன்னின்ன காரணத்தால் ஒதுக்கியது’ என்பது காரணம். விதிவிலக்கு கொடுத்ததை எதிர்த்து அண்டை வீட்டுக்காரர் நீதிமன்றம் போனால், ஒவ்வொரு நிபந்தனையும் நிறைவேறியதென்று நிரூபிக்கும் பாரம் அனுமதி பெற்றவர் தலையில் விழும். மறுத்த முடிவு அவ்வளவு எளிதில் கவிழ்வதில்லை, ஏனென்றால் விதிவிலக்கைப் பெறும் உரிமை யாருக்கும் இல்லை. இரக்கப்பட்டு ‘ஆம்’ சொல்லிவிட்டுக் காரணம் எழுத முடியாமல் திணறும் வாரியம், அந்தக் குடும்பத்தை வழக்குச் செலவுக்குள் தள்ளிவிடுகிறது. அனுமதிக்கு ஓட்டளிக்கும் முன், அதற்கான பத்தியை மனதுக்குள் எழுதிப் பார்க்க வேண்டும். எழுத வரவில்லை என்றால் ஓட்டும் வரக் கூடாது.

நிபந்தனைகளும் அப்படியே. ‘போதிய மறைப்புச் செடிகள்’ என்று எழுதினால் எந்த ஆய்வாளராலும் அமல்படுத்த முடியாது. என்ன செடி, எத்தனை அடி இடைவெளி, நடும்போது எத்தனை உயரம், பட்டுப்போனால் யார் மாற்றுவது என்று எழுத வேண்டும்.

தாக்கல் செய்த நாளிலிருந்து 20 நாள் மேல்முறையீட்டுக் காலம். யாரும் போகவில்லை என்று கிளார்க் சான்றளித்து, அந்த நகலைப் பத்திரப் பதிவகத்தில் பதிந்த பிறகே விதிவிலக்குக்கு உயிர் வரும். பதியாமல் அலமாரியில் வைத்துவிட்டு, வீட்டை விற்கும்போது மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் விதிவிலக்கு காலாவதி. அதற்குள் எழுதிக் கேட்டால் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். ஈரநிலத்துக்கு இயற்கைப் பாதுகாப்புக் குழு, கழிவுநீருக்குச் சுகாதாரக் குழு என்று மற்ற அனுமதிகள் தனி; சோனிங் முடிவு அவற்றை வாங்கித் தராது.

அனுமதி கிடைத்த கார் ஷெட்டுக்கு அஸ்திவாரம் போட்டதும், சுவர் எழுப்பும் முன் அளவையாளரை மறுபடி அழைத்து அளந்து வரைபடம் தர வேண்டும் என்ற நிபந்தனையை எல்லா முடிவிலும் சேர்ப்பது நல்லது. 9 அடிக்கு அனுமதி வாங்கி, பலகை அடித்தவர் கயிற்றைத் தவறாகப் பிடித்ததால் 8 அடி 5 அங்குலத்தில் கான்கிரீட் விழுவது உண்டு. அந்த நிலையில் உடைப்பது ஒரு நாள் வேலை. கூரை ஏறிய பிறகு அதே ஏழு அங்குலம் புது விண்ணப்பம், புது விளம்பரம், புது விசாரணை. இந்த முறை கஷ்டம் நிலத்துடையது என்று யாராலும் சொல்ல முடியாது.