குடியை நிறுத்தப் போய் நான் பட்ட பாடு

இன்சூரன்ஸ் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் நான் கட்டிங் மாஸ்டர். கை நடுக்கம் தாங்காமல், தனியார் மருத்துவமனை ஒன்றில் மனநல மருத்துவரைப் பார்த்தேன். உள்நோயாளியாகச் சேரச் சொன்னார். ஃபைலில் எஃப் 10.2 என்று எழுதினார். மதுவுக்கு அடிமையான நிலைக்கு டாக்டர்கள் போடும் குறியீடு அது. அதைப் பார்த்ததுமே இன்சூரன்ஸ் மேசையில் இருந்த பையன் உதட்டைப் பிதுக்கினான். சாயங்காலத்துக்குள் மறுப்பு வந்துவிட்டது. காரணம், விலக்கு எண் 12. உங்கள் பாலிசியிலும் அநேகமாக இருக்கும், எடுத்துப் பாருங்கள். மது, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சைக்கும் அதன் விளைவுகளுக்கும் பணம் கிடையாது. "லிவர்னு எழுதித் தரச் சொல்லுங்கண்ணா, பாஸ் ஆயிரும்" என்று பையன் யோசனை வேறு சொன்னான். விளைவுகளுக்கும் கிடையாது என்னும்போது லிவர் மட்டும் எப்படித் தப்பும்? டாக்டர் அப்படி எழுத மறுத்துவிட்டார், அது அவருக்கு அழகு. இத்தனைக்கும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவால் வரும் மனநலச் சிக்கல்களையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. மனநோய்க்கும் உடல்நோய்க்கும் ஒரே மாதிரி காப்பீடு வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்துப் புரிந்தவர்கள் யாராவது எனக்கு விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

சரி, அரசு மருத்துவமனைக்குப் போனோம். மனநலப் பிரிவு காலையில் மட்டும்தான். உடன் வந்த மச்சினன் பைக் நிறுத்தப் போயிருந்த நேரத்தில் ஜன்னலில் இருந்தவர், "அட்டெண்டர் எங்கே?" என்றார். வருகிறார் என்றேன். என் பக்கம் மூக்கைச் சுளித்துவிட்டு, "குடிச்சிட்டு வந்தா டாக்டர் பார்க்க மாட்டார். ரெண்டு மூணு நாள் சுத்தமா நிறுத்திட்டு வாங்க" என்று சீட்டைத் திருப்பித் தந்துவிட்டார்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். தினமும் குடித்து உடம்பு பழகியவர்கள் வீட்டில் உட்கார்ந்து திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டும் மாலை போட்டுக்கொண்டும் அன்றைக்கே நிறுத்துகிறவர்களுக்கும் இதே கதைதான். சாமி மேல் தப்பில்லை, டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஜன்னல்காரர் சொன்னபடி நிறுத்தினேன். அடுத்த நாள் ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னாலேயே வலிப்பு. நினைவு வந்தபோது அவசரப் பிரிவில் இருந்தேன். அங்கிருந்த சின்ன வயது டாக்டரம்மா கெட்டிக்காரி. நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கியதும், "தயமின் போட்டாச்சா? அதுக்கப்புறம்தான் குளுக்கோஸ்" என்றார். குடிக்கிறவர்கள் உடம்பில் அந்த பி1 வைட்டமின் வற்றிக் கிடக்குமாம், அது இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்குப் பாதிப்பு வரலாமாம். நிறுத்திவிட்டு வரச் சொன்னவருக்கும் இவருக்கும் நடுவில் இருந்தது ஒரு கட்டடம்தான்.

வலிப்பின் புண்ணியத்தில் படுக்கை கிடைத்தது. சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது இன்னொரு கூத்து. சுயநினைவோடு, சொந்த விருப்பத்தில் சேருகிறேன் என்று நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். பேனா காகிதத்தில் நிற்கவே இல்லை. இழுத்த கோட்டைப் பார்த்துவிட்டு எழுத்தர், "ஆதார்ல இருக்கிற பேருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே" என்றார். நாற்பது ப்ளை துணியை அடுக்கி, சாக்பீஸ் கோட்டில் கத்தியை நூல் பிசகாமல் ஓட்டிய கை. கடைசியில் கட்டைவிரல் ரேகை வைத்தேன்.

வார்டில், குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்தை அடக்கும் லிப்ரியம் மாத்திரையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள், நடுக்கம் நின்றது, பசித்தது. அங்கே சொல்லும்படி ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு மாத்திரைக்கு அலைச்சல். குடித்தால் வாந்தியும் படபடப்புமாகப் புரட்டி எடுக்கும் டைசல்ஃபிராம் தருவார்கள் என்று நினைத்திருந்தேன். வலிப்பு வந்ததால் எனக்கு வேண்டாம் என்று டாக்டர் முடிவெடுத்து, குடிக்கும் ஆசையைக் குறைக்கிற அகாம்ப்ரோசேட் எழுதினார். லிவருக்கு வேலை வைக்காது, சிறுநீரகம் நன்றாக இருந்தால் போதும், அதனால் கிரியாட்டினின் பார்த்துவிட்டுத் தந்தார். வேளைக்கு இரண்டு, நாளுக்கு ஆறு. மருத்துவமனையில் ஸ்டாக் இல்லை. ஊரில் பாதி மெடிக்கலில் அந்தப் பெயரே தெரியவில்லை, ஒருவர் அல்சர் மாத்திரையை எடுத்து நீட்டினார். ஒரு மாதத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே ஆர்டர் கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் என் மனைவியின் பெரியம்மா ஒரு பொட்டலத்தோடு வந்தார். "சோத்துல கலந்து குடு சாமி, அவுருக்குத் தெரியவே வேண்டாம்." பஸ் ஸ்டாண்டு சுவரிலெல்லாம் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராமாக இருந்துவிட்டால், தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போல் போய்க் குடித்துவிட்டு, ரத்த அழுத்தம் இறங்கி மூர்ச்சையாகலாம், அதற்கு மேலும் போகலாம். டாக்டர் சொல்லித் தெரிந்தே சாப்பிடுகிறவர்களும் அரிஷ்டம், சில இருமல் டானிக், ஹோமியோ சொட்டு மருந்து எல்லாவற்றையும் தள்ளிவைக்க வேண்டும், அதிலெல்லாம் ஆல்கஹால் உண்டு. மாத்திரையை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். பெரியம்மாவுக்குக் காபி கொடுத்து, பொட்டலத்தையும் கையில் கொடுத்து அனுப்பினாள் என் மனைவி.

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறைத் தொல்லைகள். உண்மையில் என்னைப் புரட்டிப் போட்டது அதற்கப்புறம்தான். அதைப் பற்றி ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

2003 கடைசியில் டாஸ்மாக் சில்லறைக் கடைகளைத் திறந்தபோது நான் ஹெல்பர் பையன். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, நாலு பேர் சேர்ந்து குடித்தபோது கிடைத்தது சந்தோஷம்தான், அதை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கடைசி வருடங்களில் அந்தச் சந்தோஷம் துளியும் கிடையாது. கடை திறக்கப் பன்னிரண்டு மணி ஆகும் என்பதால், காலையிலேயே பிளாக்கில் கூடுதல் காசு கொடுத்து ஒரு குவார்ட்டர். எதற்கு? கத்தியைப் பிடிக்கும் கை நிற்பதற்கு. மனுஷன் மாதிரி ஆவதற்கே குடிக்க வேண்டியிருந்தது. அப்படியானால், குடியை விட்டால் பழைய சந்தோஷம் தானாகத் திரும்பும் என்றுதானே நினைப்போம்?

திரும்பவில்லை. துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. தீபாவளி போனஸை வாங்கி அப்படியே மனைவியிடம் நீட்டினேன், அவள் அழுதாள், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மகள் ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கி வந்தாள், "சூப்பர் கண்ணு" என்று வாய் சொன்னது. தூக்கம் நடுராத்திரியில் அறுந்துவிடும். பார்க்கிறவர்கள் எல்லாம், "முகத்துல களை வந்துருச்சுங்க, இப்ப நிம்மதியா இருப்பீங்க" என்பார்கள். இதற்கு அதுவே தேவலை என்று எனக்குள் ஓடும்.

மறுபரிசோதனைக்குப் போய் இதைச் சொன்னால், அன்றைக்கு இருந்தவர் தலை நிமிராமல், "மனசைத் தைரியமா வச்சுக்கோங்க" என்று சீட்டில் சத்து மாத்திரை எழுதினார். அடுத்த தடவை பிடிவாதமாக, என்னைச் சேர்த்த டாக்டர் வரும் நாளைக் கேட்டுப் போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அவர்தான் உட்காரவைத்துச் சொன்னார். வருடக்கணக்கில் மதுவே மூளையை அமர்த்திக்கொண்டிருந்ததால், மூளை தன் சொந்தச் சரக்கைக் குறைத்துக்கொண்டது. சந்தோஷத்துக்கான டோபமைன் வழியும் மங்கிவிட்டது. சின்ன விஷயங்கள் அதற்கு உறைக்காது. மனச்சோர்வு பலருக்குச் சில வாரங்களில் தெளியும், தூக்கமும் ருசியும் சீராக மாதங்கள் ஆகும். தெளியாவிட்டால் அது தனி நோய், அதற்குத் தனி மருந்து உண்டு. "இந்த நேரத்துலதான் நிறைய பேர் திரும்பக் குடிக்கப் போறாங்க. ஆசையில இல்ல, வெறுப்புல" என்றார். இதை டிஸ்சார்ஜ் அன்றைக்கே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

அவர் சொல்லித்தான் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போனேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. 1935-இல் அமெரிக்காவில் அக்ரான் என்ற ஊரில் இரண்டு குடிநோயாளிகள் ஆரம்பித்தது. இங்கே ஒரு பள்ளிக்கூட அறையில், தமிழில் நடக்கிறது. கட்டணம் இல்லை, பெயர்கூடக் கேட்பதில்லை. பிரார்த்தனைப் பகுதி எனக்கு இன்றைக்கும் ஒட்டவில்லை, சும்மா எழுந்து நிற்பேன். ஆனால் முதல் கூட்டத்திலேயே ஒரு பெரியவர், "எனக்கு ஆறு மாசம் பிரியாணி கூட மண்ணாத்தான் இருந்துச்சு தம்பி" என்றார். எனக்கு மட்டும்தான் இப்படியோ என்ற பயம் அன்றோடு போயிற்று. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. என் மனைவி எனக்கு முன்னாலேயே அதில் கெட்டிக்காரியாகிவிட்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மச்சினனோடு கேரம். ரெட் காயினைப் போட்டுவிட்டு, அடுத்து இன்னொரு காயினை ஃபாலோ போடாமலே அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டான். எனக்கு வந்ததே கோபம்! "எடுத்து வைடா ரெட்டை!" என்று கத்தினேன். "ஒரு காயினுக்குப் போயி ஏன் மாமா இப்படி?" என்றான். ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. எதன் மேலாவது ஆசை வந்து எத்தனை காலம்! திரும்ப வைக்கவைத்து, அந்த ஆட்டத்தை நான்தான் ஜெயித்தேன்.

இப்போது இந்த நிலையில் இருப்பவர்களுக்கு: எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446, போதை மீட்புக்கான இலவச எண். ராத்திரி மனசு கெட்டுப்போனால் 14416, அது மனநல உதவி எண். ஓ.பி.க்குப் போகும்போது உடன் வருகிறவரைக் கையோடு உள்ளே கூட்டிப் போங்கள், பைக்கை அப்புறம் நிறுத்திக்கொள்ளலாம். "நிறுத்திவிட்டு வா" என்று ஜன்னலில் யாராவது சொன்னால் நகராதீர்கள், டாக்டரைப் பார்த்தே தீருவேன் என்று நில்லுங்கள். வேலைக்குத் திரும்பச் சான்றிதழ் கேட்டால், வேலை செய்யத் தகுதி உண்டு என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். என் விஷயத்தில் நோயின் பெயரையும் சேர்க்கப் பார்த்தார்கள். அந்த விவரம் ரகசியம், எனக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்று அதே 2017 சட்டத்தைச் சொன்னேன். எழுத்தர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேறு காகிதம் எடுத்தார். இந்தத் தடவை பெற்றுக்கொண்டதற்கு என் கையெழுத்தையே போட்டேன்.