காடி போட்ட செம்புக் கம்பி

போன மாதம் ஒரு மதியம், மழை கொஞ்சம் விட்ட நேரத்தில், சாக்குப்பையோடு ஒரு பையன் கடைக்கு வந்தான். மும்பை தாராவி பதிமூன்றாம் காம்பவுண்டில் அப்பா வைத்த பங்கார் கடை, அதாவது பழைய சாமான் கடை இது. அவர் போன பிறகு ஒன்பது வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பையனுக்கு 19 வயது. அவன் அம்மா அறுபதடி சாலையில் காலையில் இட்லி விற்கிறார். வழக்கமாக அட்டை, பிளாஸ்டிக் டப்பா என்று கொண்டுவருவான். அன்றைக்குப் பை கனத்தது.

தராசில் கொட்டினான். முழங்கை நீளத்தில் அறுத்த நாலு செம்புத் துண்டுகள். சுண்டுவிரல் பருமன். இரண்டு பக்கமும் நெடுகக் காடி, அதாவது பள்ளக் கோடு, ஓடியது. அடிப்பக்கம் மட்டும் உருண்டையாக இல்லாமல், தேய்ந்து சப்பையாகிப் பளபளத்தது. பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

அது லோக்கல் ரயிலுக்கு மேலே ஓடுகிற கம்பி. அந்தக் காடியில்தான் கிளிப் கவ்விப் பிடிக்கும். அடியில் ரயில் கூரையிலிருந்து நீளும் பேன்டோகிராப் உரசி உரசித்தான் அப்படிச் சப்பையாகும். 25,000 வோல்ட் ஓடுகிற கம்பி. ஒரு மீட்டர் கிட்டத்தட்ட ஒரு கிலோ நிற்கும், அதுவும் நல்ல செம்பு. ஆசை வராமல் என்ன செய்யும்?

“எங்கடா எடுத்தே?”

“சயான் பக்கம் தண்டவாளத்தோரமா கிடந்துச்சுக்கா. புதுசு மாத்திட்டு இதைப் போட்டுட்டுப் போயிருக்காங்க. குப்பைதானே? நான் அறுக்க மட்டும்தான் செஞ்சேன்.”

அவன் பொய் சொல்லவில்லை என்று நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஆனால் சட்டம் அந்த இடத்திலிருந்து தொடங்குவதில்லை. ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டம் 1966-இல் வந்தது. திருட்டுப்போன ரயில்வே பொருள் என்று நியாயமாகச் சந்தேகப்படக்கூடிய ஒன்று யார் கையில் இருக்கிறதோ, அது முறையாக வந்தது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். முதல் தடவையே 5 ஆண்டு வரை சிறை. தகுந்த காரணத்தை நீதிபதி எழுதிவைத்தால் தவிர 1 ஆண்டுக்குக் குறையாது. இரண்டாம் தடவை என்றால் குறைந்தது 2 ஆண்டு. தெரிந்தே இடம் கொடுத்த கட்டட உரிமையாளரும் தப்ப முடியாது. அறுத்தவன், சுமந்தவன், எடைபோட்டு வாங்கியவன் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியதுதான். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது எங்கள் சந்தில் ஒரு கடை இப்படித்தான் மூடியது. “ரயில் சாமான் கண்ணால பார்த்தா கையால தொடாதே” என்று அப்பா அன்றைக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை.

மின்கம்பிக்கும் இதே கதைதான். 2003 மின்சாரச் சட்டப்படி லைனை அறுத்துத் திருடினால் 3 ஆண்டு வரை. தண்ணீர், மின்சாரம், தொலைத்தொடர்புக்கான பொதுச் சொத்தைச் சேதப்படுத்தினால் 1984 சட்டத்தில் 6 மாதத்திலிருந்து 5 ஆண்டு வரை.

எனக்குத் தண்டனையைவிட அந்தக் கம்பி எதைத் தாங்குகிறது என்பதுதான் பெரிது. சிக்னல் கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அறுத்தால் சிக்னல் தானாகச் சிவப்புக்குப் போகும், பாதுகாப்புக்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். சரி, விபத்து இல்லை. ஆனால் குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவில் வண்டி நிற்கிறது. பின்னால் வருகிற வண்டிகளும் நிற்கின்றன. அரை மணி பொறுத்துப் பார்த்துவிட்டு ஜனம் கீழே குதித்துத் தண்டவாளத்தில் நடக்கிறது. பக்கத்து லைனில் வண்டி வருகிறதா என்று யார் பார்ப்பது? அப்படி நடப்பதும் குற்றம்தான், ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவு, 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். எவனோ கேபிளை அறுத்த காசுக்கு, வேலைக்குப் போகிற பொம்பளை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஜல்லியில் நடக்கிறாள். இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

பையன் “பக்கத்துக் கடையில வாங்கிக்குவாங்கக்கா” என்று பையைத் தூக்கப் போனான். பையின் வாயைப் பிடித்துக்கொண்டு அவன் அம்மாவுக்கு ஆள் அனுப்பினேன். தெரிந்த வக்கீலுக்கும் போன் போட்டேன். ஸ்டேஷனுக்கு நாங்களே தூக்கிப் போகலாமா என்று கேட்டேன். “அதைத் தூக்கிக்கிட்டு நடுத்தெருவுல நிக்காதீங்க, ரயில்வே உதவி எண் 139-க்குச் சொல்லி அவங்களை வரவைங்க” என்றார். அம்மா வந்தார். மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, “எத்தனை வருஷம்மா போடுவாங்க?” என்று மட்டும் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

ரயில்வே பாதுகாப்புப் படையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். துண்டுகளை அளந்து எழுதினார்கள், இரண்டு மணி நேரம் விசாரித்தார்கள். தானாக ஒப்படைத்ததால் உடைமை வழக்குப் போடவில்லை. தண்டவாளத்தில் இறங்கியதற்கு மட்டும் மறுநாள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். 500 ரூபாய் அபராதம். அதை அவன் அம்மா இட்லிக் காசிலிருந்து சில்லறையாக எண்ணிக் கட்டினார்.

அவர்கள் கொடுத்த தாளின் நகலை அப்பாவின் கணக்கு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். செம்பு கொண்டுவருகிற பையன்களிடம் இப்போது முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன், தராசு அப்புறம்.