பழைய லேப்டாப்ல 4கே வீடியோ: ஹார்ட்வேர் டிகோடிங் டெஸ்ட் பண்ணி பார்த்தது

லினக்ஸ்ல ஹார்ட்வேர் டிகோடிங் (சுருக்கி வச்ச வீடியோவை சிபியுக்கு பதிலா ஜிபியுல இருக்கிற தனி இன்ஜின் விரிக்கிறது) ஓடுதான்னு கேட்டா நிறைய பேர் "சிபியு கம்மியா தான் காட்டுது, ஓடுது போல"ன்னு சொல்லிட்டு போயிடுறாங்க. அதை நம்பவே கூடாது. 1080பி எச்.264 (வீடியோவை சுருக்குற ஒரு முறை, அதாவது கோடெக்) ஃபைலை ஒரு சுமாரான ஐ5 கூட சிபியுலயே ஊதி தள்ளிடும், அதை வச்சு டெஸ்ட் பண்ணா ஹார்ட்வேர் ஓடினாலும் ஓடலைன்னாலும் பார்க்க ஒரே மாதிரி தான் இருக்கும். கனமான ஃபைலா எடுக்கணும், ஜிபியுக்குள்ள இருக்கிற வீடியோ இன்ஜின் நிஜமாவே ஓடுதான்னு கண்ணால பார்க்கணும். அப்படி பண்ணதோட குறிப்பு தான் இது.

மெஷின் செகண்ட் ஹேண்ட்ல வாங்கின லேப்டாப், ஐ5 8250யூ, யூஎச்டி 620 கிராஃபிக்ஸ், டெபியன் 13. இந்த சிப் எச்.264, எச்இவிசி 8 பிட் 10 பிட் (ஒவ்வொரு கலருக்கும் எத்தனை பிட்னு), விபி9 கோடெக் எல்லாம் ஹார்ட்வேர்ல பண்ணும், ஏவி1ங்கிற கோடெக்கை பண்ணாது. இன்டெல்ல ஏவி1 டிகோடிங் வந்ததே 11வது ஜெனரேஷன்ல இருந்து தான், அதனால எந்த டிரைவர் போட்டாலும் நம்ம மெஷின்ல அது வராது.

முதல்ல, ஜிபியு எதையெல்லாம் டிகோட் பண்ணும்னு லிஸ்ட் போடுற விஏஇன்ஃபோ கமாண்ட் அடிச்சு பார்த்தேன். இன்டெல், ஏஎம்டி ரெண்டுக்கும் லினக்ஸ்ல பொதுவான வழி விஏஏபிஐ தான், ப்ளேயர் அதுகிட்ட கேக்கும், அது டிரைவர்கிட்ட கேக்கும். இன்டெல்லுக்கு ரெண்டு டிரைவர் இருக்கு, பழசு ஐ965, புதுசு ஐஎச்டி. பிராட்வெல்ல (5வது ஜெனரேஷன்) இருந்து மேல இருக்கிற சிப்புக்கு ஐஎச்டி தான் சரி. என் மெஷின்ல முதல்ல எந்த டிரைவர் லோட் ஆகுதுன்னு அந்த லிஸ்ட்டுக்கு மேலயே ஒரு வரியில வரும், அதை பார்த்துக்கிட்டேன், ஐஎச்டி. கீழ லிஸ்ட்ல ஒவ்வொரு புரொஃபைலுக்கும் (கோடெக்கோட ஒரு வகை) பக்கத்துல 'விஎல்டி'ன்னு இருந்தா டிகோட் பண்ணும், 'என்க்ஸ்லைஸ்'னு இருந்தா என்கோட் பண்ணும். எச்இவிசி மெயின்10க்கு (10 பிட் வகை) விஎல்டி இருந்துச்சு, விபி9 புரொஃபைல் 0, புரொஃபைல் 2 ரெண்டும் இருந்துச்சு. ஏவி1 வரியே இல்லை, எதிர்பார்த்தது தான்.

அடுத்து ஒரு 4கே, 60 ஃப்ரேம், எச்இவிசி 10 பிட் ஃபைல். ப்ளேயர் எம்பிவி, ஏன்னா அதுல கண்ட்ரோல் எச் அமுக்கினா ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஹார்ட்வேர் டிகோடிங் ஆன் ஆஃப் பண்ணலாம், டெஸ்ட் பண்றவங்களுக்கு இதை விட வசதி எதுவும் கிடையாது. பக்கத்துல ஒரு டெர்மினல்ல ஜிபியுவோட ஒவ்வொரு பகுதியும் எவ்ளோ வேலை செய்யுதுன்னு காட்டுற இன்டெல் ஜிபியு டாப் ஓட விட்டேன், சூடோ போட்டு தான் ஓட்டணும். எம்பிவில டீஃபால்ட்டா ஹார்ட்வேர் டிகோடிங் ஆஃப்ல தான் இருக்கும்ங்கிறதை நிறைய பேர் கவனிக்கிறதில்லை.

ஆஃப்ல ஓடும்போது எட்டு த்ரெட்டும் மேல போய் நின்னுச்சு, ஃபேன் சத்தம் ஹால் வரைக்கும் கேட்டுச்சு, படம் விட்டு விட்டு ஓடுச்சு, ஆடியோ முன்னாடி போயிருச்சு. ஜிபியு டாப்ல 'வீடியோ'ன்னு இருக்கிற வரி அப்படியே பூஜ்யம். கண்ட்ரோல் எச் அமுக்கின உடனே அந்த வரி எழும்பி பாதி அளவுக்கு வந்துச்சு, சிபியு சட்டுன்னு இறங்கி, ஒரு கோர்ல கொஞ்சம் வேலை மட்டும் மிச்சம். அந்த பட்டை எழும்புறதை பார்க்கணும், அவ்ளோ திருப்தி. எம்பிவி டெர்மினல்ல காட்டுற பிக்சல் ஃபார்மட் வரியும் மாறும், சாஃப்ட்வேர்ல ஓடும்போது ஒய்யுவி420பி10ன்னு இருந்தது ஹார்ட்வேர்ல விஏஏபிஐ பி010ன்னு ஆகும், 8 பிட் ஃபைலா இருந்தா என்வி12ன்னு வரும். விஏஏபிஐ-காப்பின்னு வந்தா டிகோட் ஆனதை திரும்ப ரேமுக்கு எடுத்துட்டு வருதுன்னு அர்த்தம், ஃபில்டர் எதாவது போடணும்னா தான் அது தேவை, சும்மா பார்க்கிறதுக்கு வேண்டாம்.

ஆனா ஹார்ட்வேர்ல ஓடியும் நடுநடுவே லேசா ஜெர்க் அடிச்சுது. இங்க தான் எம்பிவில 'ஐ' கீ அமுக்கினா வர்ற விவரம் ரொம்ப உதவுச்சு. டிராப் ஆன ஃப்ரேம் எண்ணிக்கையை அது ரெண்டா பிரிச்சு காட்டும், டிகோடர்ல விழுந்தது எவ்ளோ, அவுட்புட்ல விழுந்தது எவ்ளோன்னு. எனக்கு டிகோடர் பக்கம் சைபர், அவுட்புட் பக்கம் ஏறிக்கிட்டே இருந்துச்சு. அப்போ டிகோடிங்ல பிரச்சனை இல்லை, 4கே எச்டிஆர் (வெளிச்சமும் கலரும் கூடுதலா இருக்கிற) படத்தை 1080பி ஸ்க்ரீனுக்கு சுருக்கி கலரையும் மாத்தி வரையுற வேலையில தான் ஜிபியு திணறுது. ஜிபியு டாப்ல 'ரெண்டர்' வரியும் உச்சத்துல இருந்துச்சு. கான்ஃபிக் ஃபைல்ல புரொஃபைல்=ஃபாஸ்ட்னு ஒரு வரி சேர்த்ததும் ரெண்டர் இறங்கிருச்சு, ஜெர்க் போயிருச்சு. லேப்டாப் ஸ்க்ரீன்ல எனக்கு வித்தியாசமும் தெரியல. இந்த ரெண்டு நம்பரை பிரிச்சு பார்க்காம டிரைவரை மாத்தி மாத்தி போட்டு கஷ்டப்படுறவங்களை நினைச்சா பாவமா இருக்கு.

இன்னொரு சோதனை, சித்தப்பா பையன் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவங்க பென் டிரைவ்ல குடுத்த கிளிப்ஸ். எடிட் பண்ணி குடுத்தது சூப்பரா ஓடுச்சு, கேமராவுல இருந்து அப்படியே எடுத்த சிலது மட்டும் ஹார்ட்வேர் பக்கமே போகல. அதுவும் எச்இவிசி 10 பிட் தான், ஆனா ஃபைல் விவரம் காட்டுற எஃப்எஃப்ப்ரோப்ல பார்த்தா ஒய்யுவி422பி10, அதாவது 4:2:2. கலர் விவரத்தை எடிட்டிங்குக்காக கேமரா கூடுதலா சேமிச்சு வைக்கும், என் சிப்புக்கோ கலர் விவரம் கம்மியா இருக்கிற 4:2:0 மட்டும் தான் தெரியும். இன்டெல்ல எச்இவிசி 4:2:2 ஐஸ் லேக்ல (10வது ஜெனரேஷன்) இருந்து தான். கோடெக் பேரை மட்டும் பார்த்தா பத்தாது, இந்த எண்ணையும் சேர்த்து பார்க்கணும். எச்.264 10 பிட் ஃபைலும் இதே கதை, பேரு எச்.264 தான், ஆனா இந்த சிப்ல சிபியு தான் கதி. அந்த கிளிப்பை எல்லாம் எஃப்எஃப்எம்பெக்ல 4:2:0க்கு மாத்தி வச்சேன், ஒரிஜினலையும் அழிக்கல.

கடைசியா பிரவுசர். ஃபயர்பாக்ஸ் 115ல இருந்து இன்டெல்லுக்கு ஹார்ட்வேர் டிகோடிங் தானாவே ஆன்ல இருக்கு, ஏஎம்டிக்கு 136ல வந்துச்சு. நான் எதையும் மாத்தாம யூட்யூப் ஓட்டினேன், ஜிபியு டாப்ல வீடியோ வரி பூஜ்யத்துலயே நின்னுச்சு. வீடியோ மேல ரைட் கிளிக் பண்ணி ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் திறந்தா கோடெக் ஏவி01. யூட்யூப் ஏவி1 அனுப்புது, சிப்புக்கு அது தெரியாது, அதனால டேவ்1டிங்கிற சாஃப்ட்வேர் டிகோடர் சிபியுல பண்ணிக்கிட்டு இருக்கு. டேவ்1டிய குறை சொல்லவே முடியாது, 1080பி வரைக்கும் அருமையா ஓட்டுது, ஆனா பேட்டரில இருக்கும்போது எனக்கு அந்த சிபியு செலவு வேண்டாம். அபவுட் கான்ஃபிக்ல மீடியா ஏவி1 எனேபிள்டை ஃபால்ஸ் பண்ணி பேஜை ரீலோட் பண்ணேன், கோடெக் விபி09 ஆச்சு, வீடியோ வரி எழும்பிருச்சு, 4கேவும் ஓடுது. பவர்டாப்ல வாட்ஸ் பார்த்தா நல்லாவே குறைஞ்சிருக்கு. 11வது ஜெனரேஷனோ அதுக்கு மேலயோ வச்சிருக்கிறவங்க இதை தொட வேண்டாம், உங்க சிப்பே ஏவி1 பார்த்துக்கும்.