பழைய பென்ஸ் 190ஈ வாங்குறவங்க மொதல்ல அடியில பாருங்க

ஜெர்மனில ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்க பாத்தவுடனே கேக்குறது இதான், அந்த பழைய 190ஈ வாங்கலாமா, செலவு இழுக்குமா. தாராளமா வாங்கலாம். ஆனா வண்டி பாக்கப் போனா எல்லாரும் பானட்டத் தொறந்து வெச்சுட்டு என்ஜின் சத்தத்தையே கேட்டுட்டு நிக்கிறாங்க, பிரச்சனை அங்க இல்லவே இல்ல. என்னோடது 91 மாடல், 2 லிட்டர் பெட்ரோல், பெல்ட் கெடையாது டைமிங் செயின்தான், ஆயில் ஒழுங்கா மாத்திட்டு வந்தா அது பாட்டுக்கு ஓடும். இந்த வண்டியக் கொல்றது துரு.

88 கடைசில டிசைன மாத்துனாங்க இல்லையா, அதுக்கப்புறம் வந்த வண்டிகள்ல கதவுக்குக் கீழ அகலமா பிளாஸ்டிக் பட்டை இருக்கும். பாக்க ரொம்ப அழகு, ஆனா குளிர்காலத்துல ரோட்டுல போடுற உப்பும் சேறும் அதுக்குப் பின்னாடி போய் உக்காந்துக்கும், வெளிய ஒண்ணுமே தெரியாது. ஜாக்கி வைக்கிற நாலு எடத்துலயும் மூடியக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாருங்க, ஸ்க்ரூடிரைவர் வெச்சு அழுத்துங்க, உள்ள எறங்குச்சுன்னா வெல்டிங் வேலை இருக்கு. மூடியக் கழட்ட விக்கிறவர் விடலன்னா வந்துருங்க, வேற வண்டி கெடைக்கும், 93 வரைக்கும் கிட்டத்தட்ட 18.8 லட்சம் வண்டி செஞ்சுருக்காங்க.

அடுத்தது ரப்பர். 1982ல இந்தக் கார் வந்தப்ப ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் அஞ்சு லிங்க் (சக்கரத்த வண்டியோட பிடிச்சு வெக்கிற கம்பி) வெச்சு சஸ்பென்ஷன் பண்ணாங்க, அதே டிசைன்தான் அப்புறம் அதவிடப் பெரிய 124 மாடல் பென்ஸுக்கும் போச்சு. வளைவுல வண்டி அப்படி ஒட்டிட்டுப் போறதுக்கு அதான் காரணம், எனக்கு இந்தக் கார் மேல இவ்ளோ ஆசை வந்ததும் அதனாலதான். முப்பது வருசத்துல அந்த லிங்க் முனைகள்ல இருக்கிற ரப்பர் புஷ் எல்லாம் காஞ்சு வெடிச்சுரும், ஆட்டோபான் ஹைவேல லேன் மாறும்போது பின்பக்கம் ஒரு நொடி லேட்டா வர்ற மாதிரி இருக்கும். மாத்துனா ரெண்டு பக்கமும் சேத்து மாத்துங்க, முக்கியமா வண்டியோட வெயிட் சக்கரத்துல எறங்குனதுக்கு அப்புறம்தான் போல்ட்ட ஃபுல்லா டைட் பண்ணணும், தூக்கி வெச்சபடியே முறுக்கிட்டா ரப்பர் எப்பவும் திருகுன நிலையிலயே இருந்து சீக்கிரம் கிழிஞ்சுரும். வீல் அலைன்மெண்டும் பாத்துருங்க.

ஏபிஎஸ் லைட் எரியுது, கூடவே வண்டி நிக்கும்போது என்ஜின் வேகம் (ஐடில்) ஏறி எறங்குதுன்னா உடனே பெரிய பார்ட்ஸுக்கு ஆர்டர் போடாதீங்க, வோல்டேஜ் எகிறாம எலக்ட்ரானிக்ஸக் காப்பாத்துற ஓவர்வோல்டேஜ் ரிலேன்னு ஒண்ணு இருக்கு, தலைல சின்ன ஃப்யூஸோட, மொதல்ல அதப் பாருங்க. உள்ள சால்டர் விட்டுப்போறது இந்த வயசு வண்டில சாதாரணம். அதுவும் இல்லன்னா வேக்குவம் ஹோஸ் எதாவது வெடிச்சிருக்கான்னு பாருங்க.

செலவுன்னு பாத்தா, 30 வருசம் தாண்டி வண்டி நல்லா இருந்தா பழைய பாரம்பரிய வண்டிகளுக்குக் குடுக்குற எச் நம்பர் பிளேட் வாங்கலாம், ரோடு டேக்ஸ் வருசத்துக்கு 191.73 யூரோ, அவ்ளோதான், நகரத்துக்குள்ள போகக் கேக்குற சுற்றுச்சூழல் ஸ்டிக்கர் தொல்லையும் கெடையாது. ஓடுறதுக்குத் தேவையான பார்ட்ஸ் பெரும்பாலும் இன்னும் கெடைக்குது, பழைய பென்ஸுக்குன்னே கம்பெனியோட கிளாசிக் சென்டர் பக்கத்துல ஃபெல்பாக்ல இருக்கு. உள் அலங்காரத்துல ஒடஞ்ச பிளாஸ்டிக்குக்குத்தான் அலையணும், அதனால சீட்டும் டேஷ்போர்டும் நல்லா இருக்கிற வண்டிக்கு கொஞ்சம் கூடக் குடுத்தாலும் தப்பில்ல.

என் வண்டிக்கு அடுத்த வேலை என்ஜின் சக்திய பின் சக்கரத்துக்குக் கொண்டுபோற புரொப்பெல்லர் ஷாஃப்ட்ல இருக்கிற ரப்பர் டிஸ்க், அதுல லேசா விரிசல் தெரியுது, அடுத்த டூஃப் செக்கிங்குக்கு (வண்டி ரோட்டுல ஓடத் தகுதியான்னு பாக்குற கட்டாயச் சோதனை) முன்னாடி மாத்திருவேன்.